பாஸ்வேர்டு கேட்கும் அன்பு

"உன் மேல அக்கறை இல்லாமலா கேட்கிறேன்?" பல கதைகள் இந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கின்றன.

ஓசூர் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் 22 வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். காதலன் முதலில் கேட்டது போன் பாஸ்வேர்டு. அப்புறம் லொக்கேஷன். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறும்போது வீடியோ கால். அறைத் தோழியோடு சினிமாவுக்குப் போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசமாட்டான். மூன்றாம் நாள் அழுது மன்னிப்புக் கேட்பான். "நம்ம கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்கிறேன்" என்று சொல்லி ஏ.டி.எம். கார்டையும் வாங்கிக்கொண்டான். அடி உதை கிடையாது. அதனாலேயே இது தவறு என்பது அவளுக்குப் பிடிபட நாளாகிறது.

"விட்டுட்டு வந்துடு" என்று மற்றவர்கள் சொல்வது சுலபம். அவளுக்கு அவன்மேல் பிரியமும் இருக்கிறதே! ஆகவே முதல் படி சின்னதாகவே இருக்கட்டும். கார்டுக்காகச் சண்டை போட வேண்டாம். வங்கியில் சொல்லிப் பழையதை முடக்கிப் புதியது வாங்கலாம், யூ.பி.ஐ. பின் எண்ணை மாற்றலாம். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். ஆனால் ஒன்று: கட்டுப்பாடு கை நழுவும்போதுதான் இப்படிப்பட்டவர்களின் கோபம் ஏறும். தோழியிடமோ, அக்காவிடமோ, விடுதிக் காப்பாளரிடமோ முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மிரட்டல் மெசேஜை அழிக்கவே கூடாது. தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனத்தைத் துன்புறுத்துவதையும் பணத்தைப் பறித்து வைப்பதையும் வன்முறை என்றே கணக்கில் எடுக்கிறது. திருமணம் ஆகாவிட்டாலும், திருமணம் போன்ற உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்குப் பொருந்தும். வார இறுதியில் சேர்ந்திருந்தால் மட்டும் போதாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது கோவையில் தொடங்கிய வழக்கு. நம் பெண் தனி விடுதியில் இருப்பவள். அவளுக்கு உதவுவது பாரதிய நியாய சன்ஹிதா: ஒரு பெண்ணின் இணைய, மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிப்பது 78ஆம் பிரிவின்படி குற்றம்; மிரட்டலுக்கு 351ஆம் பிரிவு. "போட்டோவை வெளியிடுவேன்" என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "எங்க எல்லை இல்லம்மா" என்று திருப்பி அனுப்ப முடியாது.

புகார் வரை போக மனசு வரவில்லையா? 181 மகளிர் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் மூன்றும் கிடைக்கும். வக்கீல் செலவை நினைத்துத் தயங்குபவர்கள் 15100 எண்ணை அழைக்கலாம். இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.