திரைக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே ஒரு சர்வர்: பில்லிங் மென்பொருளை மூன்றடுக்காக மாற்றும் வழி

மருந்துக் கடை பில்லிங் மென்பொருள் பலவும் இன்னும் இரண்டடுக்கில்தான் ஓடுகின்றன. கவுன்டர் கணினியில் ஒரு விண்டோஸ் புரோகிராம், உள்ளறைக் கணினியில் டேட்டாபேஸ். திரையில் இருக்கும் பட்டனே எஸ்கியூஎல் எழுதி நேராக டேபிளைத் தொடும். ஒரே கடை, நாலு கணினி என்றால் இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை. அதை அப்படியே விடுங்கள். இரண்டாவது கிளை திறக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எல்லாக் கணினியிலும் கிடக்கும். ஒரு விதியை மாற்றினால் எல்லா இடத்திலும் புதுப் பதிப்பு நிறுவ வேண்டும். மொபைல் ஆப் வேண்டுமென்றால் அதே விதிகளை மறுபடி எழுத வேண்டும். நடுவில் ஒரு சர்வரை வைத்து, டேட்டாவைத் தொடும் உரிமையை அதற்கு மட்டும் கொடுப்பதுதான் இதற்குத் தீர்வு.

முதல் வேலை, விதிகளைத் தேடி எடுப்பது. 'பில் போடு' பட்டனுக்குப் பின்னால் இருக்கும் நிரலை முழுக்கப் படியுங்கள். காலாவதியான பேட்சை விற்கக் கூடாது, சீக்கிரம் காலாவதியாகும் பேட்ச் முதலில் போக வேண்டும், இந்த வாடிக்கையாளருக்குக் கடன் இவ்வளவுதான் என்பதெல்லாம் அங்கே புதைந்திருக்கும். ஷெட்யூல் எச்1 மருந்து என்றால், டாக்டரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இது ஏதோ ஒரு திரையின் மூலையில் ஒரு 'இஃப்' வரியாக நிற்கும். ஒன்றுவிடாமல் பட்டியல் போடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதில் அவசரப்பட்டால் மீதி எல்லாமே வீண்.

அடுத்து, அந்த விதிகளைப் பழைய புரோகிராமுக்குள்ளேயே தனி மாட்யூலாகப் பிரித்தெடுங்கள். நெட்வொர்க்கை இப்போது தொடவே வேண்டாம். திரையோ டேட்டாபேஸோ இல்லாமல் அந்த மாட்யூலை மட்டும் சோதிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பிரிப்பு சரி. ஆப்ஜெக்டுகளைப் பல கணினிகளில் பரப்பாதீர்கள் என்பதையே மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலர் 2002-இல் வந்த தன் நூலில் இதற்கான முதல் விதியாக வைத்தார். முதலில் நிரலைப் பிரித்துவிட்டு, பிறகு கணினியைப் பிரிப்பதே பாதுகாப்பான வரிசை.

இனி மாட்யூலைச் சர்வருக்குக் கொண்டுபோகலாம். பழைய ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாக வெப் அழைப்பாக மாற்றும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இருபது மருந்துள்ள பில்லில் ஒவ்வொன்றுக்கும் விலை, இருப்பு, வரி என மூன்று கேள்வி கேட்டால் அறுபது அழைப்பு. கிளையிலிருந்து போய்வர 40 மில்லிசெகண்ட் என்றால், 2.4 விநாடி காத்திருப்பிலேயே போய்விடும். 'இந்த பில்லைப் பதிவு செய்' என்று ஒரே அழைப்பாக வையுங்கள். கவுன்டரிலிருந்து மருந்துக் குறியீடும் அளவும் வாடிக்கையாளர், டாக்டர் விவரமும் வந்தால் போதும். விலையைச் சர்வரே எடுக்கட்டும். திரை அனுப்பும் விலையை நம்பினால், யாரும் அதை மாற்றி அனுப்பலாம்.

மிகக் கவனம் வேண்டிய இடம் ஸ்டாக். கடைசி ஒரு ஸ்ட்ரிப் இருக்கிறது; இரண்டு கவுன்டரும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. சர்வர் இருப்பைப் படித்து, ஒன்றைக் கழித்து, திரும்ப எழுதினால் இரண்டு கோரிக்கையும் '1' என்று படித்து '0' என்று எழுதும். இல்லாத ஸ்ட்ரிப் ஒன்று விற்றிருக்கும். படிப்பதும் கழிப்பதும் தனித்தனியாக வேண்டாம். கேட்ட அளவுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் கழி என்ற நிபந்தனையை அப்டேட் கட்டளையிலேயே வையுங்கள். எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் இருப்பு போதவில்லை, பில்லை நிராகரிக்கலாம். பில், ஸ்டாக், எச்1 பதிவு மூன்றும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் நடக்கட்டும். ஒன்று தவறினாலும் மூன்றும் ரத்தாக வேண்டும்.

பில் பதிவாகி, பதில் வரும் வழியில் நெட் அறுந்தால் என்ன ஆகும்? விற்பனையாளர் மறுபடி பட்டனை அழுத்துவார். இரட்டை பில் விழும். அதனால் பில் திரை திறக்கும்போதே கவுன்டர் கணினி ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, அந்த பில் முடியும்வரை அதையே அனுப்பட்டும். பில் டேபிளில் அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். அதே எண் திரும்ப வந்தால், புதிதாக எதையும் எழுதாமல் பழைய பில்லையே பதிலாகக் கொடுங்கள்.

கனெக்‌ஷன் பூலை மறக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் மாற்றியமைக்காத நிலையில் 100 இணைப்புவரைதான் ஏற்கும். ஒவ்வொன்றும் தனி பிராசஸ். திறந்த திரைக்கெல்லாம் ஒரு இணைப்பு என்ற பழைய வழக்கத்தை விட்டு, சர்வர் சில இணைப்புகளை வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தட்டும்.

எல்லாத் திரையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மருந்து தேடும் திரை முதலில், பில் அடுத்து, கொள்முதல் பிறகு. இடைக்காலத்தில் பழைய திரைகளும் டேபிளில் எழுதும் என்பதால், இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி டேட்டாபேஸிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கட்டும்.

கடைசியாக, டேட்டாபேஸை நேராகத் தொடும் வழியை மூடுங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்றால், அதன் 5432 போர்ட் நடு சர்வருக்கு மட்டும் திறந்திருக்கட்டும். அதற்கு முன், பழைய திரைகள் பயன்படுத்திய டேட்டாபேஸ் யூசரை நீக்காமல் லாகின் உரிமையை மட்டும் எடுத்துவிட்டு, முயற்சி எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று லாகில் பதிவாகும்படி செய்யுங்கள். கணக்காளரின் எக்செல் ஷீட் ஒன்று நேராக டேபிளிலிருந்து எடுத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியவரும். அதற்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனி யூசரைக் கொடுத்து, அந்த ஒரு முகவரிக்கும் போர்ட்டைத் திறந்துவிடுங்கள். மாதக் கடைசி ரிப்போர்ட் ஒரு தடவை சிக்கலில்லாமல் ஓடி முடிந்தபின் பழைய யூசரை அழிக்கலாம்.