விகிதக் கணக்கு: வியாபாரிக்கு ஒரு பாடம்



இன்று எல்லாக் கடைகளிலும் கால்குலேட்டர் இருக்கிறது. பில் போடக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. ஆனாலும் எந்த எண்ணை எதனால் வகுப்பது என்று அந்தப் பெட்டி நமக்குச் சொல்லித் தராது. அதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். மண்டியில் நாற்பது வருடங்களுக்கு மேல் உட்கார்ந்து நாம் கண்ட ஒன்று உண்டு. கூட்டலிலும் கழித்தலிலும் வரும் தவறு அன்று மாலையே கல்லாவில் தெரிந்துவிடும். விகிதத்தில் வரும் தவறு வருடக்கணக்கில் தெரியாது. தெரியும்போது பணம் மட்டுமல்ல, மனிதர்களும் போயிருப்பார்கள். ஆகவே இந்த மாதம் பள்ளிப் பாடத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்போம்.

எழுதும் முறை

விகிதம் என்பது ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. இரண்டு எண்களுக்கு நடுவே இரு புள்ளி வைத்து 3 : 8 என்று எழுதுகிறோம். "மூன்றுக்கு எட்டு" என்று படிக்கிறோம். இதில் இரண்டு விதிகளை மறக்கக் கூடாது.

முதல் விதி, அளவு ஒன்றாக இருக்க வேண்டும். 750 கிராமுக்கும் 2 கிலோவுக்கும் விகிதம் எழுதச் சொன்னால் 750 : 2 என்று எழுதக் கூடாது. கிலோவைக் கிராமாக்கி 750 : 2000 என்று எழுத வேண்டும். இரண்டையும் 250 ஆல் வகுத்தால் 3 : 8.

இரண்டாவது விதி, வரிசை மாறக் கூடாது. "முருகனுக்கும் செல்வத்துக்கும் 3 : 2" என்றால் முதலில் சொன்னவருக்கு மூன்று, அடுத்தவருக்கு இரண்டு. பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் சிட்டையில் குறித்து வைப்பது வம்புக்கு வித்து.

லாரி வாடகையைப் பிரித்தல்

கலபுரகியிலிருந்து (பழைய குல்பர்கா) மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே லாரியில் பருப்பு வரவழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடைக்கு 40 மூட்டை, இரண்டாவது கடைக்கு 60 மூட்டை, மூன்றாவது கடைக்கு 100 மூட்டை. வாடகை ரூ.22,000.

மூட்டைக் கணக்கில் 40 : 60 : 100, அதாவது 2 : 3 : 5. மொத்தப் பாகம் 10. ஒரு பாகம் ரூ.2,200. ஆகவே ரூ.4,400, ரூ.6,600, ரூ.11,000 என்று பிரித்துவிடுவோம். கணக்கு சரிதான், ஆனால் நியாயம் சரியா? இரண்டாவது கடைக்காரருடைய மூட்டை 30 கிலோ மூட்டை. மற்ற இருவருடையதும் 50 கிலோ என்றால்?

எடையைப் பாருங்கள். 2,000 கிலோ, 1,800 கிலோ, 5,000 கிலோ. விகிதம் 10 : 9 : 25. மொத்தப் பாகம் 44. ஒரு பாகம் ரூ.500. முறையான வாடகை ரூ.5,000, ரூ.4,500, ரூ.12,500. மூட்டைக் கணக்கில் போட்டிருந்தால் இரண்டாவது கடைக்காரர் ஒரே லோடில் ரூ.2,100 கூடுதலாகக் கொடுத்திருப்பார். மாதம் ஒரு லோடு என்றால் வருடத்துக்கு ரூ.25,200. லாரி சுமப்பது எடையைத்தான், மூட்டையின் எண்ணிக்கையை அல்ல. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று முதலில் யோசித்துவிட்டுப் பிறகு வகுக்க வேண்டும்.

நாலுக்கு ஒன்று என்றால் கால் பங்கா?

காப்பித்தூள் கடையில் புதிதாகச் சேர்ந்த பையனிடம், "காப்பியும் சிக்கரியும் நாலுக்கு ஒண்ணு போட்டு பத்து கிலோ கலந்து வைப்பா" என்றோம். அவன் இரண்டரைக் கிலோ சிக்கரியைத் தராசில் வைத்தான். நாலு என்று காதில் விழுந்ததும் கால் பங்கு என்று எண்ணிக்கொண்டான். 4 : 1 என்றால் மொத்தம் ஐந்து பாகம். அதில் சிக்கரி ஐந்தில் ஒன்று, இரண்டு கிலோ. காப்பி எட்டுக் கிலோ.

இது வெறும் ருசி விஷயமல்ல. சட்டப்படி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எவ்வளவு சிக்கரி சேர்ந்திருக்கிறது என்பதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். அச்சில் 20 என்று போட்டு உள்ளே 25 இருந்தால், தெரியாமல் செய்தாலும் குற்றம் நம்முடையதுதான்.

விலையிலும் இதே கவனம் வேண்டும். உதாரணத்துக்குக் காப்பி கிலோ ரூ.800, சிக்கரி ரூ.200 என்று கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து அடக்கவிலை ரூ.500 என்று போட்டால் கடையை மூட வேண்டியதுதான். 4 x 800 = 3,200. 1 x 200 = 200. ஆக 3,400. அதை 5 ஆல் வகுத்தால் கிலோ ரூ.680. இதுவே சரியான அடக்கவிலை.

லாபம் எதன் மேல்?

ரூ.100க்குக் கொள்முதல் செய்த சரக்கை ரூ.125க்கு விற்கிறோம். லாபத்துக்கும் கொள்முதலுக்கும் விகிதம் 25 : 100, அதாவது 1 : 4. இது 25 சதவீதம். ஆனால் லாபத்துக்கும் விற்பனைக்கும் விகிதம் 25 : 125, அதாவது 1 : 5. இது 20 சதவீதம். "நமக்கு 25 சதவீதம் லாபம் நிற்கிறதே" என்று எண்ணி, பண்டிகைக்கு 25 சதவீதம் தள்ளுபடி போர்டு வைத்தால், 125 ரூபாயில் ரூ.31.25 போய்விடும். கைக்கு வருவது ரூ.93.75. முதலிலேயே ரூ.6.25 நஷ்டம்.

கூட்டு வியாபாரம்

கூட்டாளிகள் போட்ட முதலை மட்டும் பார்த்து விகிதம் போடுவது வழக்கம். காலத்தையும் சேர்த்துப் பார்ப்பது முறை. ஒருவர் ரூ.3 லட்சம் போட்டு 12 மாதம் இருக்கிறார். 3 x 12 = 36. மற்றவர் மூன்று மாதம் கழித்து ரூ.4 லட்சத்தோடு சேருகிறார். 4 x 9 = 36. பார்வைக்கு 3 : 4, அந்த வருடத்தைப் பொறுத்தவரை உண்மையில் 1 : 1.

இங்கே நம் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1986 ஆம் ஆண்டில் நாமும் ஒரு நண்பரும் சேர்ந்து பருப்பு மண்டி தொடங்கினோம். நம் முதல் ரூ.60,000. அவர் முதல் ரூ.40,000. பத்திரத்தில் முதலை எழுதினோம். லாபத்தை எப்படிப் பிரிப்பது என்று எழுதவில்லை. "நமக்குள்ள என்ன இருக்கு அண்ணாச்சி" என்றார் அவர். நாமும் சிரித்துக்கொண்டோம்.

முதல் வருட லாபம் ரூ.45,000. நாம் 3 : 2 என்று ரூ.27,000 கேட்டோம். விடியற்காலை லாரி இறக்குவதிலிருந்து இரவு பூட்டுவது வரை கடையில் நின்றவர் அவர். அவர் சமபாகம் கேட்டார். ஆடிட்டரிடம் போனோம். அவர் 1932 ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13 ஆவது பிரிவைக் காட்டினார். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் லாபமும் நஷ்டமும் சமபாகம்தான். ஆளுக்கு ரூ.22,500. வித்தியாசம் ரூ.4,500. அந்தத் தொகைக்காக மண்டி இரண்டாயிற்று. ஆறு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பிற்பாடு ஒரு நாள் தனியே உட்கார்ந்து அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். கடையில் நின்றதற்கு அவருக்கு மாதம் ரூ.1,000 சம்பளம் என்று வைத்தால் வருடத்துக்கு ரூ.12,000. மீதி ரூ.33,000ஐ 3 : 2 என்று பிரித்தால் நமக்கு ரூ.19,800, அவருக்கு ரூ.13,200. சம்பளத்தோடு சேர்த்து அவருக்கு ரூ.25,200. அவர் கேட்ட சமபாகத்தைவிட அவருக்குச் சேர வேண்டியது அதிகம்! முதலுக்கு விகிதம் போடத் தெரிந்த நமக்கு, உழைப்புக்கு விகிதம் போடத் தெரியவில்லை. அவர் தாயார் தவறியபோது துக்கம் கேட்கப் போய், அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தோம். படித்துவிட்டு, "அன்னைக்கு ரெண்டு வரி எழுதியிருந்தாப் போதும் அண்ணாச்சி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு பேச்சு உண்டு. சேர்ந்து வியாபாரம் இல்லை.

ஆகவே கூட்டு சேரும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான். லாப விகிதம், நஷ்ட விகிதம், உழைக்கும் கூட்டாளிக்குச் சம்பளம், இந்த மூன்றையும் பெயரோடு பத்திரத்தில் எழுதுங்கள். நல்ல உறவாக இருக்கும்போதே எழுதுங்கள். சண்டை வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் இரு புள்ளிக்கு இரு பக்கமும் எண் நிற்காது, வீம்புதான் நிற்கும்.

பயிற்சி

கடைப் பையன்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பாருங்கள்.

1. 1 கிலோ 200 கிராமுக்கும் 3 கிலோவுக்கும் விகிதம் என்ன?
2. ரூ.36,000 லாபத்தை மூவருக்கு 5 : 4 : 3 என்று பிரிக்கவும்.
3. ஒருவர் ரூ.5 லட்சம் 12 மாதமும், மற்றவர் ரூ.6 லட்சம் 8 மாதமும் போட்டிருந்தால், முதலையும் காலத்தையும் சேர்த்து லாப விகிதம் என்ன?

விடைகள்: (1) 2 : 5. (2) ரூ.15,000, ரூ.12,000, ரூ.9,000. (3) 5 : 4.