கிருமியா, எலியா, நோயாளியா?

எம்.எஸ்சி. முடித்து, தொற்றுநோயும் நோயெதிர்ப்பியலும் பிடிக்கும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, தினமும் கையில் எதை வைத்துக்கொண்டு வேலை செய்யப் போகிறீர்கள் என்பதுதான். காசநோயையே எடுத்துக்கொள்வோம்.

கிருமிப் பக்கம் போனால் பொறுமை வேண்டும். ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள். காலனி கண்ணில் பட வாரங்கள் ஆகும். ஒரு சோதனை கெட்டால் ஒரு மாதம் போச்சு. ஆகவே சேரும் முன், இந்தக் கிருமியைப் பாதுகாப்பாகக் கையாளத் தேவையான பி.எஸ்.எல்-3 ஆய்வகம் உண்டா, அதில் உங்கள் முறை எப்போது வரும் என்று விசாரியுங்கள். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் தொற்றுநோய் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது.

எலியை வைத்துச் செய்வதென்றால் தில்லியின் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம் போன்ற இடங்கள். ஒரு மரபணுவை நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். கேள்வி கூர்மையாக அமையும். ஆனால் வழக்கமான ‘பிளாக் சிக்ஸ்’ எலியின் நுரையீரலில், மனிதருக்கு வருவதுபோல் நடு அழுகிய கட்டி பொதுவாக உண்டாவதில்லை.

என் மனம் சாய்வது மூன்றாவது வழிக்கு, அதாவது நோயாளிகளோடு செய்யும் ஆராய்ச்சிக்கு. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரேபோல் குணமானார்கள் என்று அது 1959-இல் காட்டியது. உலகின் சிகிச்சை முறையே மாறியது. 1968-இல் செங்கல்பட்டுக் கிராமங்களில் தொடங்கிய பி.சி.ஜி. சோதனையில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் முன்பே உடலைப் பழக்கிவிட்டனவா? நோயெதிர்ப்பியலில் இன்னும் முடியாத இந்த வாதத்துக்குப் பெரிய காரணம் அந்தக் கிராமங்கள்தான்.

இங்கே கஷ்டம் வேறு மாதிரி. நெறிமுறைக் குழு அனுமதிக்கே மாதங்கள் போகும். ரத்தம் மாலை நாலு மணிக்கு வந்தாலும் செல்களை அன்றே பிரித்தாக வேண்டும். வந்த நோயாளி மறுமுறை வராமல் போகலாம். புள்ளியியல் தெரியாமல் ஒரு அடி நகர முடியாது. ஒரே ஒரு விடையை நிச்சயமாக அறிய வேண்டும் என்று துடிப்பவருக்கு இது ஒத்துவராது. அவர் எலிக்கே போகட்டும்.

முடிவு எட்டாதவர்கள் பிஎச்.டி.க்கு முன் ஓராண்டு, நோயாளிகள் வந்துபோகும் இடத்தில் ப்ராஜெக்ட் வேலை பாருங்கள். கைடிடம் பேசிய பிறகு, அங்கே நாலாம் ஆண்டில் இருக்கும் மாணவரைத் தனியே டீ குடிக்க அழைத்துப் போய், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், ஏன் என்று கேளுங்கள்.