ஆய்வும் நன்றியுரையும்

உதவியவருக்கு நன்றி சொல்வது நற்பண்பு என்று நாம் சிறுவயது முதலே கற்கிறோம். அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளிலும் இப்பண்பைக் காணலாம். கட்டுரையின் முடிவில் 'நன்றியுரை' என்ற சிறு பகுதி இருக்கும். பணம் தந்த நிறுவனம் எது, கருவியும் உழைப்பும் தந்து உதவியோர் யார் என்னும் விவரங்கள் அதில் இடம்பெறும். இது வெறும் உபசார வார்த்தைதானா?

நம் மாவட்டத்திலேயே இதற்கு விடை காணலாம். நோயாளி மருந்து உட்கொள்வதை மற்றொருவர் நேரில் கண்காணிக்கும் 'டாட்ஸ்' சிகிச்சை முறை, 1999-ஆம் ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில் தொடங்கியது. அதன் பலனைச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தார் ஆராய்ந்து எழுதினர். அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமை, உலக சுகாதார நிறுவனத்தின் வழியாகச் செலவில் ஒரு பகுதியை அளித்தது என்பதையும் அக்கட்டுரைகளில் குறித்தனர்.

பணம் யாருடையது என்று தெரிந்தால்தான் படிப்பவர் முடிவை எடைபோட முடியும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலை, தன் கழிவுநீரைத் தன் செலவிலேயே ஆராயச் செய்வதாக வைத்துக்கொள்வோம். முடிவு உண்மையாகவே இருக்கலாம். எனினும், செலவு செய்தவர் யார் என்பதை அறியும் உரிமை அருகில் வாழும் மக்களுக்கு உண்டல்லவா?

உதவியவர் விரும்பும் முடிவைத் தருவது நன்றி ஆகாது. 1968-இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திருவள்ளூர் வட்டாரத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்துடனும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையுடனும் சேர்ந்து இதை நடத்தியது. சுமார் 2,60,000 பேர் பங்குபெற்றனர். நல்ல பலனை எல்லோரும் எதிர்பார்த்தனர். ஆனால், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்று 1979-இல் வெளியான முதல் அறிக்கை கூறியது. (குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய்களை அது தடுப்பதால், பிறந்தவுடன் இன்றும் போடப்படுகிறது.) இத்தனை நிறுவனங்கள் துணை நின்றும் உண்மை மறைக்கப்படவில்லை.

மாணவியரே! அறிவியல் கண்காட்சிக்கு நாம் செய்யும் மாதிரிக்கு மோட்டார் தந்த கடைக்காரரையும், தகடு வெட்டித் தந்த தொழிலாளியையும் அட்டையில் தவறாமல் குறிப்போம். மாதிரி இயங்காவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுவோம். திருவள்ளூர்க் கிராமங்களில் ஊசிக்குக் கை நீட்டிய அத்தனை பேரின் பெயரையும் எந்தக் கட்டுரையிலும் அச்சிட இயலாது. அவர்கள் தந்த உதவிக்கு உண்மையைச் சொல்வதே நன்றி.