மின்சைக்கிள் மோட்டாருக்குச் சர்வீஸ் வேண்டுமா?

சத்தமே இல்லாமல் ஒரு சைக்கிள் உங்களைக் கடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்சக்கரத்தின் நடுவில், மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடம்போலப் பருத்த ஓர் உருளை இருக்கும். அதுதான் மோட்டார். என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒன்று வாங்கினார். பெட்ரோல் வண்டியைத் தவறாமல் சர்வீசுக்கு விட்டுப் பழகியவர் அவர். "இந்த மோட்டாரையும் அவ்வப்போது பிரித்துத் துடைத்து மாட்ட வேண்டாமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். விடை காண ஒரு வழி உண்டு. ஓர் இயந்திரத்தினுள் எந்தப் பாகம் எதனோடு உரசுகிறது என்று பாருங்கள். உரசும் இடம்தான் தேயும்.

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் ஓயாமல் உருளைச் சுவரில் உரசுகிறது. எரிபொருளின் கரி எண்ணெயில் கலந்து அதைக் கெடுக்கிறது. ஆகவே எண்ணெயை மாற்றியே தீர வேண்டும். உங்கள் பாடநூலில் வரும் நேர்மின்னோட்ட மோட்டாரிலும் உரசல் உண்டு. அதில் சுழலும் சுருளுக்கு மின்சாரம் போவது கார்பன் தூரிகைகள் வழியாக. 1895-இல் அமெரிக்காவில் ஆக்டன் போல்ட்டன் என்பவர் மின்சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய மோட்டாரும் பின்சக்கரத்தின் நடுவில்தான் இருந்தது. ஆனால் தூரிகை கொண்டது. தூரிகை தேயும், கரித்தூள் சேரும், மாற்ற வேண்டும்.

இன்றைய மோட்டாரில் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. சுருள்கள் அச்சோடு சேர்ந்து அசையாமல் நிற்கின்றன. காந்தங்கள்தாம் வெளிவளையத்தில் ஒட்டிக்கொண்டு சக்கரத்தோடு சுழல்கின்றன. நிற்கும் சுருளுக்குக் கம்பியை நேராகவே இணைக்கலாம் அல்லவா? தூரிகைக்கு வேலை போயிற்று.

அப்படியானால் மின்னோட்டத்தின் திசையை மாற்றுவது யார்? சுருள்களின் இடையே மூன்று சிறு உணர்விகள் உள்ளன. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின்படி அவை காந்தப்புலத்தை உணர்ந்து, எந்தக் காந்தம் எங்கே வந்திருக்கிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கின்றன. அங்குள்ள டிரான்சிஸ்டர்கள் மின்சாரத்தை மாற்றி விடுகின்றன. பரவலாகக் கிடைக்கும் ஒருவகை மோட்டாரில் 46 காந்தங்கள், அதாவது 23 இணைகள். ஓர் இணைக்கு 6 மாற்றம் வீதம், சக்கரம் ஒருமுறை சுற்ற 138 மாற்றங்கள். 26 அங்குலச் சக்கரம் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்குச் சுமார் 200 முறை சுற்றும். கணக்கிட்டால் விநாடிக்கு 460 மாற்றங்கள்! இவற்றில் ஒன்றில்கூட ஒரு பாகம் இன்னொன்றைத் தொடுவதில்லை.

உள்ளே தேயக்கூடியவை இரு பக்கத்துப் பால் பேரிங்குகள் மட்டுமே. அவையும் கிரீஸ் நிரப்பி மூடப்பட்டவை. பல ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும். எனவே, "வேண்டாம், நன்றாக ஓடும் மோட்டாரைப் பிரிக்காதீர்கள்" என்றே அவருக்குச் சொன்னேன். பிரித்தால் கெடுதலும் உண்டு. உள்ளிருக்கும் நியோடிமியம் காந்தங்கள் பொல்லாதவை. மூடியைத் திருப்பிப் பொருத்தும்போது விரலை நசுக்கிவிடும். பட்டறைத் தரையின் இரும்புத்தூளையெல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு ஒரு விலக்கு. சிறிய குடம் உள்ள சில மோட்டார்களில் காந்த வளையம் வேகமாகச் சுழல, நைலான் பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்துச் சக்கரத்திற்குத் தருகின்றன. பற்கள் உரசுவதால் கிரீஸ் வற்றும், நாளடைவில் பற்களும் தேயும். இவ்வகையைத் தெரிந்தவர் எப்போதாவது திறந்து பார்ப்பது நல்லது.

பிரிக்க வேண்டாம் என்றால் கவனிக்கவே வேண்டாம் என்று பொருளில்லை. மோட்டாருக்குத் தண்ணீர் ஆகாது. கம்பிகள் துளையுள்ள அச்சின் வழியாக வெளிவருகின்றன. ஓடிச் சூடான மோட்டார் தேங்கிய மழைநீரில் நின்று குளிரும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, கம்பியோரமாக ஈரத்தை உறிஞ்சும். பேரிங்கும் காந்தமும் துருப்பிடிக்கும். கழுவும்போது அச்சின் மேல் வேகமாக நீரைப் பீய்ச்சுவதும் தவறு.

இதைவிட அபாயமானது நியூட்டனின் மூன்றாம் விதி! மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் திருகும்போது, அதே அளவு முறுக்கு அச்சைப் பின்னோக்கித் திருகுகிறது. சக்கரத்தின் ஆரம் 33 சென்டிமீட்டர். 12 மில்லிமீட்டர் அச்சின் ஆரமோ 6 மில்லிமீட்டர். ஆகவே தரையில் செயல்படும் விசையைப்போல் சுமார் 55 மடங்கு விசை அச்சின் விளிம்பில் விழுகிறது. நட் தளர்ந்தால், அச்சு தன் பிடியை அறுத்துக்கொண்டு சுழலும். அதிலிருந்து வரும் கம்பிகள் முறுக்கி அறும். சக்கரமே கழன்றும் விடலாம். பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளில் நான் ஸ்பானரை வைத்ததும் நட் எளிதாக அரைச் சுற்று திரும்பியது. அவர் தினமும் மகளைப் பின்னால் உட்கார்த்திப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை ஸ்பானரை அவரே எடுத்து வைத்துப் பார்க்கிறார். பட்டறைக்காரரிடம் போவது பிரேக் கட்டைக்காகத்தான்.

மோட்டாரைத் திறக்காமலே அதன் நலம் அறியலாம். மின்சாரத்தை நிறுத்தி, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். கரகரவென்ற ஓசை வந்தால் பேரிங்கில் கோளாறு. காந்தங்களின் மெல்லிய தடுப்பு இயல்பானதே. ஆனால் முன்பு இல்லாத கனமான பிடிப்புத் தோன்றினால், எங்கோ கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டிருக்கலாம், அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டியில் டிரான்சிஸ்டர் பழுதாகியிருக்கலாம்.

கம்பிகள் சேர்ந்தால் ஏன் பிடிக்கும்? பழைய பொம்மையிலிருந்து ஒரு சிறு மோட்டாரை எடுங்கள். அதன் தண்டில் ஒரு சக்கரத்தைப் பொருத்திச் சுண்டுங்கள். சற்று நேரம் சுழலும். பிறகு இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டுச் சுண்டிப் பாருங்கள். சட்டென்று நின்றுவிடும். இப்போது மோட்டார் ஒரு மின்னாக்கியாகி, தன்னில் பிறந்த மின்னோட்டத்தாலேயே தன்னைத் தடுத்துக்கொள்கிறது.