இளஞ்சிவப்பு டாங்கி

டாங்கி என்பது பீரங்கி பொருத்திய இரும்பு வண்டி. போர்க்களத்தில் ஓடுவது. அதற்கு யாராவது ஸ்வெட்டர் போடுவார்களா? டென்மார்க் நாட்டில் போட்டார்கள்.

2003இல் ஈராக்கில் போர் மூண்டது. அமெரிக்காவுடன் டென்மார்க்கும் அதில் சேர்ந்தது. மரியான்னே யோர்கென்சன் என்ற பெண் கலைஞர் அதை எதிர்த்தார். இளஞ்சிவப்புக் கம்பளி நூலில் சதுரத் துண்டுகள் பின்னித் தரும்படி கேட்டார். ஒரு துண்டு 15 சென்டிமீட்டர் நீளம், அதே அகலம். உள்ளங்கையைவிடப் பெரியது. டென்மார்க், இங்கிலாந்து, அமெரிக்கா எனப் பல நாட்டவர் பின்னினார்கள். ஆளுக்கொரு விதப் பின்னல். 4000 துண்டுகளுக்கு மேல் சேர்ந்தன.

அவற்றை ஒன்றாகத் தைத்தார்கள். 2006 ஏப்ரலில், தலைநகர் கோபன்ஹேகனில், ஒரு கலைக்கூடத்தின் முன்னே பழைய டாங்கி ஒன்றைப் போர்த்தினார்கள். குண்டு பாயும் குழாய்க்கும் கம்பளி உறை! பயம் எங்கே வரும்?

போர் அதனால் நின்றுவிடவில்லை. டென்மார்க் படை 2007இல்தான் ஈராக்கைவிட்டுத் திரும்பியது.