வைஃபை காட்டேல்லை எண்டால் முதலில் சிப்பைப் பாருங்கோ

இந்தக் கிழமை பொட்காஸ்டில் பழைய லப்டொப்களுக்கு லினக்ஸ் போடுறதைப் பற்றிக் கதைச்சம். அதுக்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எல்லாம் வடிவா வேலை செய்யுது அண்ணா, வைஃபை மட்டும் காட்டேல்லை." ஒஸ்லோவில் படிக்கிற ஒரு தங்கச்சிக்கு மச்சாள் குடுத்த 2014 மக்புக் எயார். அப்பிளின்ர அப்டேட் அதுக்கு வாறது நிண்டு கனகாலம். புதுசு வாங்கக் காசில்லை, வகுப்புகளும் தொடங்கப்போகுது. "இனி இதைக் குப்பையில போடுறதோ?" எண்டு கேட்டிருந்தா. போடவேண்டாம் தங்கச்சி. வாசியுங்கோ.

வைஃபை வேலை செய்ய இரண்டு மென்பொருள் வேணும். ஒண்டு டிரைவர். அது லினக்ஸ் கேர்னலோட சேர்ந்து ஓடி, சிப்புக்குக் கட்டளை குடுக்கும். மற்றது பேர்ம்வேர். அது சிப்புக்குள்ளேயே ஓடுற சின்ன நிரல். லப்டொப்பைப் போடுற ஒவ்வொரு முறையும் டிரைவர் இந்த பேர்ம்வேரை எடுத்துச் சிப்புக்குள்ள ஏற்றும். டிரைவரை ஆரும் எழுதலாம், திறந்த மூலமாகவும் இருக்கலாம். ஆனால் பேர்ம்வேர் பெரும்பாலும் சிப் செய்த கம்பனியின்ர சொத்து. அதைப் பிரதி எடுத்து மற்றவைக்குக் குடுக்கக் கம்பனி அனுமதி தராட்டி, லினக்ஸ் வெளியிடுற ஆக்கள் அதைச் சேர்த்துத் தர ஏலாது. "லினக்ஸ் சரியில்லை" எண்டு நாங்கள் சொல்லுற கனக்க இடங்களில் உண்மையான சிக்கல் இந்த அனுமதிதான்.

இதுக்கு நல்ல உதாரணம் புரோட்கொம். 2000களின் நடுப்பகுதியில் அவர்களின் சிப் கனக்க லப்டொப்களில் இருந்தது. ஆனால் லினக்ஸ் டிரைவரும் இல்லை, சிப் எப்படி வேலை செய்யுது எண்ட ஆவணமும் இல்லை. ஆர்வலர்கள் என்ன செய்தார்கள் தெரியுமோ? இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு கம்பனியின் மூடின டிரைவரைப் பிரிச்சுப் பார்த்து, சிப் இப்படி இப்படி நடக்குது எண்டு விவரம் மட்டும் எழுதியது. மற்றக் குழு அந்த மூடின டிரைவரைக் கண்ணாலும் பார்க்காமல், விவரத்தை மட்டும் வாசிச்சுப் புது டிரைவர் எழுதியது. பிரதி பண்ணினது எண்டு ஒருத்தரும் பிறகு வழக்குப் போட ஏலாமல் இருக்கத்தான் இந்தப் பாடு. அந்த டிரைவர் 2006இல், 2.6.17 கேர்னலில் சேர்ந்தது. எனக்கு இதுதான் இந்தக் கதை முழுக்கப் பிடிச்ச இடம்.

இவ்வளவு செய்தும் பேர்ம்வேருக்கு அனுமதி கிடைக்கேல்லை. அதனால், கம்பனியின் மூடின டிரைவர் கோப்பை நீங்களே இறக்கி, அதுக்குள்ள இருந்து பேர்ம்வேரை வெட்டி எடுக்க ஒரு கருவியும் எழுதவேண்டி வந்தது. 2010இல் புரோட்கொம் தானே சில சிப்களுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது. எல்லாச் சிப்புக்கும் இல்லை. ஒஸ்லோத் தங்கச்சியின் மக்புக்கில் இருக்கிற 4360 சிப்புக்கு இண்டைக்கும் கம்பனியின் மூடின 'டபிள்யூஎல்' டிரைவர்தான் கதி.

கம்பனிகள் ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்குது? அவை சொல்லுற காரணம் வானொலிச் சட்டம். வைஃபை சிப் எண்டுறது ஒரு வானொலி. எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் அனுப்பலாம் எண்டதை ஒவ்வொரு நாடும் தீர்மானிக்குது. அதைப் பாவனையாளர் மாத்தக்கூடாது எண்டு இன்டெல் ஒரு காலத்தில் தன்ர லினக்ஸ் டிரைவரோட ஒரு மூடின காவல் நிரலையும் ஓடவேணும் எண்டது. 2007இல் அதை விட்டிட்டு அந்த வேலையைப் பேர்ம்வேருக்குள்ள தள்ளியது. டிரைவர் திறந்தது, பூட்டு உள்ளுக்குப் போனது. சட்டக் காரணம் பொய்யில்லை. ஆனால் சிப்பின் ஆவணத்தையே காட்டாமல் இருக்க அது போதாது எண்டுதான் நான் நினைக்கிறன்.

மூடின பேர்ம்வேரைச் சேர்க்கிறதே பிழை எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். டெபியன் கனகாலம் தன்ர இன்ஸ்டோலரில் அதைச் சேர்க்கேல்லை. 2022இல் வாக்கெடுத்து முடிவை மாத்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் இருந்து அது உள்ளேயே வருது. எனக்கு அது சரியான முடிவு. பேர்ம்வேர் சிப்பிலேயே நிரந்தரமாக எழுதப்பட்டு வந்தாலும் அது மூடினதுதான், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இணையமே இல்லாமல் நிக்கிற புது ஆளுக்கு சுதந்திரத்தைப் பற்றி என்னெண்டு விளங்கப்படுத்துறது?

சரி, வேலைக்கு வருவம்.

டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' எண்டு ஐந்து எழுத்தும் சின்ன எழுத்தில் அடியுங்கோ. ஒரு இடைவெளி விட்டு '-என்என்கே' சேருங்கோ. வருகிற பட்டியலில் 'நெட்வேர்க் கன்ட்ரோலர்' எண்ட இடத்தில் சதுர அடைப்புக்குள்ள ஒரு இலக்கம் இருக்கும். 14இ4 எண்டு தொடங்கினால் புரோட்கொம். 8086 எண்டால் இன்டெல். (அவர்களின்ர பழைய புரொசசரின் பெயரையே இலக்கமாக எடுத்திருக்கினம்.) 10இசி எண்டால் ரியல்டெக். அதுக்குக் கீழ 'கேர்னல் டிரைவர் இன் யூஸ்' எண்ட வரி இல்லையெண்டால், உங்கட சிப்பை ஒரு டிரைவரும் பொறுப்பெடுக்கேல்லை. அந்த வரி இருந்தும் வைஃபை இல்லையெண்டால், பேர்ம்வேரைத்தான் முதலில் சந்தேகப்படுங்கோ.

டிரைவரை இறக்க இணையம் வேணும், இணையத்துக்கு டிரைவர் வேணும். இந்தச் சுழலை உடைக்க உங்கட ஃபோன் போதும். யூஎஸ்பி கேபிளால் இணைச்சு, ஃபோன் செட்டிங்சில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால், லினக்ஸ் அதைக் கேபிள் இணையம் மாதிரி எடுத்துக்கொள்ளும். பிறகு உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' எண்ட இடத்துக்குப் போனால் புரோட்கொம் டிரைவர் வரும். ஒஸ்லோவுக்கு இதுதான் மருந்து. ஒரு எச்சரிக்கை: அந்த டிரைவர் கேர்னலுக்கு வெளியில இருக்கிறதால், கேர்னல் அப்டேட் வந்த அடுத்த நாள் வைஃபை காணாமல் போகலாம். பயப்படாமல் கணினி தொடங்கேக்க வாற மெனுவில் பழைய கேர்னலைத் தெரிவு செய்யுங்கோ. மக் அல்லாத லப்டொப்பில் செக்கியுர் பூட் போட்டிருந்தால், இப்படி வெளியிலிருந்து வாற டிரைவரை அது மறிக்கும். இன்ஸ்டோல் செய்யேக்க ஒரு கடவுச்சொல் கேட்கும், அதை மறக்காதேங்கோ. அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை வந்து திரும்பக் கேட்கும்.

புது லப்டொப் வாங்குற ஆக்களுக்குப் பிரச்சினை தலைகீழ். அங்க சிப் புதுசு, கேர்னல் பழசு. இன்டெல் ஏஎக்ஸ்210க்குக் குறைஞ்சது 5.10 கேர்னல் வேணும், மீடியாடெக் 7921க்கு 5.12. கடைப் பட்டியலில் 'வைஃபை 6' எண்டு மட்டும் போட்டிருந்தால் அது போதாது, சிப்பின் பெயரைக் கேளுங்கோ. எனக்கெண்டால் இன்டெல் சிப் உள்ளதைத்தான் தேடுவன், கம்பனியே டிரைவரைக் கேர்னலுக்குள்ள சேர்க்கிறதால். எதுவாக இருந்தாலும் இன்ஸ்டோல் செய்ய முதல் யூஎஸ்பியில் இருந்தே லினக்ஸை ஓட்டி, வைஃபை பிடிக்குதோ எண்டு பாருங்கோ. பத்து நிமிட வேலை.

இவ்வளவு செய்தும் சரிவரேல்லை எண்டால் எங்களுக்கு எழுதுங்கோ. லப்டொப்பின் பெயர் மட்டும் காணாது. ஒரே மொடலுக்குள்ளேயே இரண்டு மூன்று விதமான சிப் போட்டு விக்கினம். டெர்மினலில் வந்த அந்த இலக்கத்தையும் டிரைவர் வரியையும் அப்படியே அனுப்புங்கோ.